பொறுங்க, ஆடுது

என் டயர் கடைக்கும் அவருடைய எடைமேடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான் உண்டு. அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். இந்தப் பக்கம் பேசுவதையும் அவர் விடாமல் கேட்பார், கேட்டுவிட்டு, "காலையில யாரோ ஒருத்தர்கிட்ட குசுகுசுன்னு பேசிட்டிருந்தீங்களே, என்ன விஷயம்?" என்று என்னிடமே வந்து விசாரிப்பார். பஞ்சர் விஷயம் என்று சொன்னால் நம்ப மாட்டார். பஞ்சருக்கு எதற்குக் குசுகுசு என்பது அவர் கேள்வி.

லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'இன்னொருதடவை'. சரக்கு லாரி மேடையில் ஏறி நின்று, கண்ணாடி அறைக்குள் திரையில் எண் வந்து, எடைச்சீட்டை நீட்ட வேண்டிய நேரத்தில், "இறக்கிட்டு இன்னொரு தடவை ஏத்துப்பா" என்பார். டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுப்பதற்குள் இவர் கீழே வந்து கேபினுக்குள் எட்டிப் பார்ப்பார். கிளீனர் உள்ளே படுத்திருக்கிறானா, தண்ணீர் டிரம் நிரம்பியிருக்கிறதா, பின் சக்கரம் மேடையின் விளிம்பைத் தாண்டி நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் சீட்டு.

இந்தக் குணம் அவருக்குப் பிறவியில் வந்ததில்லை. "கல்யாணம் ஆனப்ப நல்லாத்தான் இருந்தாரு. வேலைக்குப் போன இடத்துல கெட்டுட்டாரு" என்பார் அவர் மனைவி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அந்த அம்மா. எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

கெட்டுப்போன கதை இதுதான். இளவயதில் இவர் வேறொருவரின் எடைமேடையில் வேலை பார்த்தார். பழைய இரும்பு வியாபாரி ஒருவரின் லாரி வரும்போதெல்லாம் முதலாளி கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பார். ஒருநாள் வண்டி அசையாமல் நிற்க, திரையில் எண் மட்டும் தானாக இறங்கியதை இவர் பார்த்துவிட்டார். "என்னங்க, எடை இறங்குது?" என்று கேட்டதற்கு, "கண்ணு டாக்டரைப் போய்ப் பாருப்பா" என்றார் முதலாளி. இவர் நிஜமாகவே போய்க் கண்ணைக் காட்டினார். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் வேலையை விட்டுவிட்டார். முதலாளியின் பையில் இருந்தது எடையைக் குறைக்கும் ரிமோட் என்பது ஊருக்குத் தெரிய அதன் பிறகு வெகுகாலம் ஆனது.

கடனை உடனை வாங்கிச் சொந்தமாக எடைமேடை போட்டபோது, அமைத்துக் கொடுத்த கம்பெனி கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றையும் கொடுத்தது. அதற்கு ஒரு பூட்டு. கம்ப்யூட்டரின் முதுகில் சின்னச் சாவி மாதிரி ஒன்றைச் சொருகினால்தான் திறக்கும். பூட்டு இருந்ததால் அவருக்கு அது பிடித்திருந்தது. பிறகு ஒரு மழைநாளில் இடி விழுந்து கம்ப்யூட்டர் கருகியது. புதுசு வாங்கினார். பழைய சாவி புதுசுக்குச் செல்லாது, புரோகிராமை மறுபடியும் முழு விலை கொடுத்து வாங்குங்கள் என்றது கம்பெனி.

"என் வீட்டுப் பூட்டு, என் சாவி. கதவை மாத்தினா வீட்டையே திரும்ப வாங்கணுமாம்" என்று தகரத்தின் வழியே என்னிடம் கத்தினார். கையால் எழுதிய சீட்டை எந்த வியாபாரியும் ஏற்கவில்லை. லாரிகள் அடுத்த மேடையைத் தேடிப் போயின.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். அதே கம்பெனியில் பழுது பார்க்கும் வேலையில் இருந்துவிட்டு, சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர். எடைமேடைகளுக்கென்று தானே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார்.

"எவ்வளவும்மா ஆகும்?"

"புரோகிராமுக்கு ஒண்ணும் இல்ல சார். இலவசம்."

நாற்காலியை முன்னால் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"இலவசம்னா?"

"காசு வேணாம். உள்ள என்ன எழுதியிருக்குன்னு வரிவரியா பார்க்கலாம். மாத்தலாம், அடுத்தவங்களுக்கும் கொடுக்கலாம். ஓப்பன் சோர்ஸ்னு சொல்வாங்க. நானே வந்து போட்டுத் தரணும், வருஷம் பூரா பார்த்துக்கணும்னா அதுக்கு மட்டும் கூலி."

"கூலி தர மாட்டேன்னு நான் சொன்னா?"

"நீங்களே போட்டுக்கலாம். தெரிஞ்சவங்க யாரை விட்டும் போட்டுக்கலாம்."

"அப்ப நீ எதைம்மா சாப்பிடுறே?"

"கூலி கொடுக்கிறவங்க கொடுக்கிறதை."

"எல்லாரும் வேணாம்னுட்டா?"

"பட்டினிதான்" என்றார் அந்தப் பெண், சிரிக்காமல்.

வேறு வழியில்லாமல் அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் கூலி கொடுக்கவில்லை. மனைவியின் தம்பி ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் வாத்தியார். அவனைக் கூப்பிட்டுப் போட வைத்தார். அன்றே இன்டர்நெட் வயரைப் பிடுங்கிச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார். எந்த வியாபாரி எவ்வளவு சரக்கு அனுப்புகிறான் என்று அந்தப் பெண் உளவு பார்த்து விற்கப் போகிறாள் என்பது அவர் முதல் சந்தேகம். வயரைப் பிடுங்கியும் மனசு ஆறவில்லை. முதலில் பழக்கிவிட்டுப் பிறகு கழுத்தைப் பிடிப்பாள் என்பது அடுத்தது. இவை எல்லாவற்றையும்விட அவரை அரித்தது வேறொன்று.

"யோசிச்சுப் பாருங்க" என்றார் என்னிடம். "பொருள் இலவசம், ரிப்பேருக்குத்தான் காசு. அப்ப பொருள் கெட்டாத்தான் அவளுக்கு வரும்படி. அவளே உள்ள எதையாவது செருகி வெச்சிருப்பாளா மாட்டாளா?"

ரோட்டில் ஆணி போட்டுவிட்டுப் பஞ்சர் ஒட்டுகிறவர்களைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதால் நான் குனிந்து டியூபைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வேலை செய்தார். எடைக்கருவியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் வயரைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தார். பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, "எண்ணே வர மாட்டேங்குது. எவ்வளவு ஆனாலும் சரி, பார்த்துக் கொடு" என்றார். இல்லாத கோளாறுக்குப் பெரிய பில் வரும், பிடித்துவிடலாம் என்பது திட்டம்.

அந்தப் பெண் வந்தார், குனிந்து பார்த்தார், வயரை அழுத்தினார்.

"வயர் லூசா இருந்துச்சு சார். வேற ஒண்ணும் இல்ல."

"எவ்வளவு தரணும்?"

"வயரைச் சொருகினதுக்கு என்னத்தை வாங்குறது?" டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இவர் முகம் வெளுத்துப்போய் என் கடைக்கு வந்தார். "காசே வேணாம்ங்கிறா. பெருசா எதுக்கோ அடிபோடுறா."

அடுத்து மச்சினனை உட்காரவைத்து, புரோகிராம் முழுவதையும் படிக்கச் சொன்னார். அவன் பயிற்சி நிலைய வேலை போக மிச்ச நேரமெல்லாம் கண்ணாடி அறையில் உட்கார்ந்து படித்தான்.

"பார்த்துட்டேன் மச்சான். எடையை வாங்குது, காட்டுது, அச்சடிக்குது. அவ்வளவுதான்."

"எல்லாத்தையும் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"புரிஞ்சுதா?"

அவனுக்குச் சுருக்கென்றது. "புரியலைன்னு சொன்னா சந்தோஷமா?"

"சந்தோஷம் இல்ல மாப்ளே. நம்புவேன்."

அந்தப் புரோகிராமில் அவருக்குப் பிடித்திருந்தது ஒன்றே ஒன்றுதான். மேடையில் நிற்கும் வண்டி அசைந்துகொண்டிருந்தால் மற்ற புரோகிராம்களில் புரியாத ஏதோ ஒரு எண் மின்னும். இதில் மட்டும், வீட்டு மனுஷர் சொல்வதுபோல, 'பொறுங்க, ஆடுது' என்று திரையில் வரும். அதை உரக்கப் படித்து டிரைவர்களுக்குச் சொல்வதில் அவருக்கு ஒரு திருப்தி.

ஆனாலும் நிம்மதி வரவில்லை. சில மாதம் கழித்துப் பளபளவென்று ஷூ போட்ட ஒருவர் வந்து, வேறொரு நிறுவனத்தின் புரோகிராமை விலைக்குக் காட்டினார். பெரிய பெட்டி, வழவழப்பான அட்டை, நல்ல விலை. இவர் பேரம்கூடப் பேசாமல் வாங்கினார்.

அவர் மனைவிக்கே பொறுக்கவில்லை. "சும்மா கிடைச்சது ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு. எதுக்கு இந்தத் தண்டம்?"

"இவன் காசு கேக்குறான். அதனால இவனுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். அவளுக்கு என்ன வேணும்னே தெரியலையே" என்றார்.

அதன்பின் மத்தியானத்தில் நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணயரும் அளவுக்கு நிம்மதியானார். அத்தனை வருஷத்தில் அவர் குறட்டையை நான் கேட்டது அப்போதுதான்.

பிறகு ஒரு தண்ணீர் லாரி வந்தது. பாதி நிரம்பிய டேங்கரில் தண்ணீர் முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருந்ததால் எடை நிலைக்கவில்லை. இவர் பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்து, "பொறுங்க, ஆடுது" என்று உரக்கப் படித்தார். டிரைவர் சரியென்று என்ஜினை அணைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் இவருக்கு உறைத்தது. தான் படித்தது புதுப் புரோகிராமின் திரையில்.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நிறம் வேறு, மேலே நிறுவனத்தின் பெயர், ஓரத்தில் ஒரு சிங்கப் படம். நடுவில் அதே 'பொறுங்க, ஆடுது'. மச்சினன் வந்து தோண்டிப் பார்த்தான். பெயிண்ட்தான் புதுசு, வண்டி பழசு என்றான்.

அந்தப் பெண்ணுக்குப் போன் போனது. வந்தவரிடம், "உன்னுதைத் திருடி என்கிட்டயே வித்துட்டான்மா" என்றார் இவர். அவள் கொதிப்பாள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"எடுத்தது திருட்டு இல்ல சார். யார் வேணாலும் எடுக்கலாம், விலைக்கும் விக்கலாம்னு நான்தான் எழுதி வெச்சிருக்கேன். என் பேரைப் போடணும், மாத்தினதை எல்லாருக்கும் திறந்து காட்டணும். அந்த ரெண்டையும் செய்யலை, அதுதான் தப்பு."

இவர் கண்ணைச் சுருக்கினார். "விக்கலாம்னு நீயே சொல்லியிருக்கியா? அப்ப ரெண்டு பேரும் கூட்டா?"

அந்தப் பெண்ணின் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "கூட்டு இருந்தா நான் ஏன் சார் இந்த ஓட்டை ஸ்கூட்டர்ல சுத்துறேன்? இது எத்தனை இடத்துல ஓடுதுன்னு எனக்கே தெரியாது. கூலி கொடுக்கிறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். நீங்க எனக்கு ஒரு காசு கொடுத்ததில்ல. என்னோடதையே அவன்கிட்ட முழு விலைக்கு வாங்கியிருக்கீங்க. இப்ப என்னையே சந்தேகப்படுறீங்க." ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். "இது வேலைக்காகாதுன்னு புரிஞ்சுபோச்சு. ஒரு கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க. போகப் போறேன்."

ஸ்கூட்டர் போன பிறகு அவர் என் பக்கம் வரவே இல்லை. வயரைத் தளர்த்தி வைத்ததை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாமோ என்று மனைவியிடம் கேட்டாராம். "சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்து வாங்கியிருப்பீங்க" என்றாராம் மனைவி.

இதற்குள் வேறொரு பூதம் கிளம்பியது. நெடுஞ்சாலையில் இருந்த பெரிய எடைமேடை ஒன்றில், எடைக்கருவிகளுக்கு முத்திரை வைக்கும் அரசு ஆய்வாளர்கள் சோதனை போட்டார்கள். சில குறிப்பிட்ட லாரி எண்களை அடித்தால் மட்டும் எடையைக் குறைத்துக் காட்டும்படி, புரோகிராமுக்குள்ளேயே வேலை செய்து வைத்திருந்தார்கள். செய்தி பரவியதும் தானிய வியாபாரிகள், ஜல்லி வியாபாரிகள், பழைய இரும்புக்காரர்கள் எல்லோரும் எல்லா மேடையையும் ஒரே கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும் என்றார்கள்.

இவருக்குப் பல வருஷமாகப் பழக்கமான ஒரு டிரைவர், சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மேடையிலேயே நின்றார்.

"அண்ணே, நீங்க வெளிய வாங்க. அந்த அறையில யாரும் இல்லாம நான் ஒரு தடவை ஏத்துறேன்."

இவர் வெளியே வந்து, இரண்டு கையும் தெரியும்படி வெயிலில் நின்றார். எடை மாறவில்லை. டிரைவர் சரியென்று போய்விட்டார், ஆனால் மறுவாரம் வரவில்லை. மற்றவர்களும் குறைந்தார்கள். மேடையில் நாய் வந்து படுத்தது. திரை அதன் எடையைக்கூடக் காட்ட மறுத்தது.

அவர் ஷூக்காரருக்குப் போன் போட்டார். உங்கள் புரோகிராம் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை என்று வியாபாரிகளுக்குக் காட்ட வேண்டும், உள்ளே திறந்து காட்டுங்கள் என்றார்.

"அது கம்பெனி ரகசியம் சார். உத்தரவாதக் கடிதம் வேணா தர்றோம்."

"நான் சந்தேகப்படுறவன்பா. கடிதத்தை வெச்சு என் சந்தேகமே தீராது, அடுத்தவன் சந்தேகம் எப்படித் தீரும்?"

அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நான் சுத்தமா இருக்கேன்னு எனக்குத் தெரியும். அதை எப்படிக் காட்டுறதுன்னுதான் தெரியல. அவ ஆரம்பத்துல இருந்தே காட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்கா. நான்தான் காட்டுறாளே, ஏன் காட்டுறான்னு பார்த்துட்டிருந்தேன்."

அந்தப் பெண் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் இருந்தார். என் வண்டியில்தான் போனோம். அட்டைப்பெட்டிகள் பாதி கட்டப்பட்டிருந்தன. அடுத்த வாரம் வேலையில் சேர வேண்டும் என்றார். இவர் நின்றுகொண்டே முதலில் வயர் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண் கேட்டுவிட்டு, "அன்னிக்கே தெரியும் சார். தானா கழண்ட வயர்ல கைரேகை அவ்வளவு புதுசா இருக்காது" என்றார்.

பிறகு இவர் தனக்கு வேண்டியதைச் சொன்னார். ஷூக்காரரின் புரோகிராமை எடுத்துவிட்டு அந்தப் பெண்ணுடையதையே மறுபடியும் போட வேண்டும். வியாபாரிகள் சங்கம் தங்கள் ஆளை அனுப்பி, திறந்து கிடக்கும் அந்தப் புரோகிராமையும் மேடையில் ஓடுகிற புரோகிராமையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிய வேண்டும். எப்போது வேண்டுமானாலும், சொல்லாமல் கொள்ளாமல். இரண்டும் ஒன்றுதான் என்பதற்கு ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும்.

"செய்யலாம்" என்றார் அந்தப் பெண். "ஆனா புரோகிராம்தான் இலவசம். என் கையெழுத்து இலவசம் இல்ல. தப்பு வந்தா ஆய்வாளர் முன்னாடி நான் வந்து நிக்கணும்." ஒரு தொகையைச் சொன்னார்.

இவர் உடனே தலையாட்டவில்லை. "இவ்வளவு கம்மியா சொல்றியே, ஏன்?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சரி, கூட்டிக்கட்டுமா?"

"கூட்டு. ஆனா எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லு."

ஒப்பிட்டுப் பார்க்கும் நாளில் சங்கத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். முகத்தில் சிரிப்பென்பதே இல்லாத மனுஷர். மத்தியானம் வரை கண்ணாடி அறையை விட்டு நகரவில்லை. இன்னொருதடவை பார்க்கிறேன் என்று இரண்டு முறை சொன்னார். இவர் அவரைத் தொந்தரவு செய்யவே இல்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்கு உபசாரம் செய்வதுபோலத் தானே டீ கொண்டுவந்து கொடுத்தார். கடைசியில் அந்த மனுஷர், "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாரிகள் ஒரேயடியாகத் திரும்பிவிடவில்லை. ஜல்லிக்காரர்கள் வந்தார்கள், தானியக்காரர்கள் தயங்கினார்கள், பழைய இரும்புக்காரர்களில் சிலர் வரவே இல்லை. வராதவர்கள் ஏன் வரவில்லை என்பது பற்றி அவருக்குத் தனியாக ஒரு கருத்து உண்டு. அதை நான் இங்கே எழுத முடியாது.

இதைப் பார்த்து மற்ற எடைமேடைக்காரர்கள் சிலரும் அந்தப் பெண்ணைத் தேடிப் போனார்கள். நிறையப் பேர் புரோகிராமை மட்டும் எடுத்துக்கொண்டு, இலவசம்தானே என்று இருந்துவிட்டார்கள். அது அனுமதிக்கப்பட்டதுதான் என்று அந்தப் பெண் எத்தனை சொன்னாலும் இவருக்குப் பொறுக்கவில்லை. வாரத்தில் ஒருநாள் மேடையை மச்சினனிடம் விட்டுவிட்டு, தெரிந்த லாரி ஏதாவது ஒன்றில் ஏறிக்கொள்வார். வேறு மேடைகளில் இறங்கி எட்டிப் பார்ப்பார். 'பொறுங்க, ஆடுது' கண்ணில் பட்டால் போதும்.

"இந்தப் புரோகிராம் எழுதின பொண்ணுக்கு ஏதாவது கொடுக்குறீங்களா?"

"அது சும்மா கிடைக்குதேங்க. எதுக்குக் கொடுக்கணும்?"

"கொடுக்க வேணாம். அந்தப் பொண்ணு நாளைக்கு வேற வேலைக்குப் போயிடுச்சுன்னா, ஆய்வாளர் வந்து நிக்கும்போது யாரைக் கூப்பிடுவீங்க? அதை மட்டும் யோசிங்க."

சிலர் யோசித்தார்கள். சிலர் இவருக்கு எத்தனை சதவீதம் கமிஷன் என்று கேட்டார்கள். ஒரு இடத்தில் வெளியே போகச் சொன்னார்கள். கமிஷன் இல்லையென்று இவர் சொன்னதை யாருமே நம்பவில்லை. "நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்" என்றார் என்னிடம்.

அந்தப் பெண் கம்பெனி வேலைக்குப் போகவில்லை. முதல் வருஷம் தட்டுத்தடுமாறி ஓடியது. ஸ்கூட்டரை விற்றுவிட்டுப் பஸ்ஸில் வந்து போன மாதங்களும் உண்டு. பிறகு கூலி கொடுக்கும் மேடைகள் கூடின. ஒரு பெண்ணையும் ஒரு ஆணையும் வேலைக்கு வைத்தார். ஷூக்காரரின் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பினார். பெயரைப் போடு, திருத்தங்களைத் திறந்து காட்டு என்று. அவர்கள் பெயரையும் போடவில்லை, எதையும் திறக்கவுமில்லை. அடுத்த முறை அவர்கள் புரோகிராம் வந்தபோது 'பொறுங்க, ஆடுது' இருந்த இடத்தில் ஏதோ ஒரு எண் மின்னியது, அவ்வளவுதான். இன்றைக்கும் அதை நல்ல விலைக்கு விற்கிறார்கள். வழக்குப் போட்டால் வேலை செய்ய நேரம் இருக்காது என்று அந்தப் பெண் விட்டுவிட்டார். இவர் விடவில்லை. அவர்கள் ஆள் இந்த ரோட்டில் வந்தால் என் கடைப் பையன்கள்கூட டீ வாங்கிக் கொடுக்கக் கூடாது என்பது உத்தரவு.

போன மாதம் அந்தப் பெண் எடைமேடைக்கு வந்து, எல்லோருக்கும் சம்பளம், வாடகை எல்லாம் போகக் கையில் மிச்சம் நிற்கிறது என்றார். இதுவரை இப்படி நின்றதில்லையாம்.

நான் தகரத்தின் மேலாக எட்டிப் பார்த்தேன். இவர் வாழ்த்துவார் என்று நினைத்தேன்.

"எப்படி நிக்குது?" என்றார் இவர். "வேலை செய்யுற பிள்ளைங்களுக்குக் குறைச்சுக் கொடுக்கிறியா?"

"இல்லண்ணே."

"யார்கிட்டயாவது அதிகமா வாங்கிட்டியா?"

"இல்ல. ஆள் கூடிட்டாங்க, கோளாறு குறைஞ்சுடுச்சு. எழுதினதையே திரும்ப எழுத வேண்டியதில்ல. வேற ஊர்ல யாரோ ரெண்டு பேர் கோளாறு பார்த்துத் திருத்தி அனுப்பறாங்க, சும்மாவே."

"சும்மாவா? யார் அவங்க? அவங்களுக்கு என்ன வேணுமாம்?"

அந்தப் பெண் நாற்காலியில் சாய்ந்து வெகுநேரம் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. அந்த இரண்டு பேரின் விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தபோது ஜல்லி லாரி ஒன்று மேடையில் ஏறியது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து, கேபினைப் பார்க்கப் போனார்.